வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கத் திருப்பூர் அனுப்பர்பாளையம் போயிருந்தேன். அம்மாவின் லைன் வீட்டில் ரெண்டாம் நம்பர் காலியாகி, மூன்று வாரமாக கேட்டில் 'வீடு வாடகைக்கு' அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அம்மா அவிநாசி கோயிலுக்குப் போயிருந்தார். மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை நான் எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே வீடு கேட்டு யாரோ வந்த சத்தம். எட்டிப் பார்த்தேன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதுப் பெண். இடுப்பில் ஒரு குழந்தை, பக்கத்தில் பள்ளிக்கூடம் போகிற வயதில் ஒரு பையன். அம்மா இல்லாத நேரத்தில் சாவிக்கொத்து நாலாம் நம்பர் அக்காவிடம் இருக்கும். அவர்தான் கதவைத் திறந்து காட்டினார். நல்ல தண்ணி வாரத்துக்கு ஒரு நாள், உப்புத் தண்ணி தினமும், கரண்டுக்குத் தனி மீட்டர், கக்கூஸ் ரெண்டு வீட்டுக்கு ஒன்று என்று அம்மா சொல்வதை வரிசை மாறாமல் அப்படியே சொன்னார். அப்புறம் கேட்டார்: "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?"

மடித்துக்கொண்டிருந்த போர்வையோடு அப்படியே நின்றுவிட்டேன். கேள்வி ஒன்றும் புதிதில்லை. எங்கள் பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் போன எந்தப் பெண்ணும் இது காதில் விழாமல் திரும்பியிருக்க மாட்டாள். ஆனால் இந்த அக்கா இதே கேள்வியால் பதினோரு வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர். அதில் ஐந்தாறு வாசலில் நானும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். அவர் வாயிலிருந்தே அந்தக் கேள்வி, அதே 'ங்க' போட்டு, அதே தணிந்த குரலில் வந்ததைக் கேட்டபோது முதலில் சிரிப்புதான் வந்தது. சாயந்தரம் பஸ்ஸில் வீடு திரும்பும்போது சிரிப்பு போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு வாரம் அது மனதில் அரித்துக்கொண்டே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. விடுதியில் எல்லோரும் சென்னிமலை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள்

வீடற்றவர்களுக்கான ஒரு பெண்கள் விடுதிக்கு நான் ஞாயிறுதோறும் போகிறேன். பெரிய சேவை எதுவும் இல்லை. வாரநாளில் ஒரு ஜாப் ஒர்க் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிறன்று இங்கே கணக்கும், மனு எழுதுவதும், விண்ணப்பம் நிரப்புவதும். நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு விடுதியாவது, 24 மணி நேரமும், வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொன்னது. 2013-ல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதற்குப் பணம் ஒதுக்கியது. அந்த வகையில் வந்த விடுதிகளில் ஒன்று இது.

2024 பொங்கல் முடிந்த வாரம் சென்னிமலை அக்கா வந்தார். வயது நாற்பத்தாறு. ஒரு ஒயர் கூடை, ஒரு கட்டைப் பை. புடவை சுத்தமாக இருந்தது. தலை வாரி, பொட்டு வைத்திருந்தார். தெருவில் இருந்தவர் என்று யாரும் சொல்ல முடியாது. அவரும் சொல்லவில்லை. "ரெண்டு வருசமா எங்கக்கா இருந்தீங்க?" என்றதற்கு, "கோயில்ல இருந்தேனுங்க, பஸ் ஸ்டாண்டுல இருந்தேனுங்க" என்றார், ஒறம்பரை (உறவுக்காரர்) வீட்டில் தங்கியிருந்ததைச் சொல்வது போல.

எப்படி இருந்தார் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. ஆண்கள் மாதிரி துண்டை விரித்துப் படுத்துவிட முடியாது. படுத்தால் தெரிந்துவிடும். அதனால் உட்கார்ந்தே தூங்குவார், பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி, கூடையை மடியில் வைத்துக்கொண்டு. ஒரே பெஞ்சில் ரெண்டு ராத்திரி உட்கார மாட்டார். ஈரோடு பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரருக்கு முகம் பழகிவிட்டால் ரயில்வே ஸ்டேஷன். அங்கே பழகிவிட்டால் அரசு ஆஸ்பத்திரி வராண்டா. உள்ளே யாரோ படுத்திருப்பது போலவும், தான் துணைக்கு வந்தவர் போலவும். மத்தியானம் கொடுமுடி கோயிலில் அன்னதானம். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு இல்லை அல்லவா, அது அவருக்குப் பெரிய உதவி. பகலில் பஸ் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவார், அதே பஸ்ஸில் திரும்புவார். ஜன்னலோரம் சாய்ந்து ரெண்டு மணி நேரம் நிம்மதியான தூக்கம். "கண்டக்டருக சீட்டைக் குடுத்துட்டு எழுப்பாம போயிருவாங்க கண்ணு. நல்லவிக."

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றவர்களை எண்ணுவதற்கென்றே பிப்ரவரி 28 ராத்திரியை ஒதுக்கினார்கள். நாடு முழுக்கச் சுமார் 17.7 லட்சம் பேர் என்று வந்தது. இந்த அக்கா மாதிரி ஒருவர் அன்றைக்கு ராத்திரி அந்த பெஞ்சில் உட்கார்ந்திருந்தால், கணக்கெடுக்க வந்தவர் பயணி என்று நினைத்துத் தாண்டிப் போயிருப்பார். அவர் படாத பாடு பட்டதே அப்படி நினைக்க வைப்பதற்குத்தான்.

ஏன் வீட்டை விட்டு வந்தார் என்பதை நாங்களே முடிவு செய்து வைத்திருந்தோம். குடிகார புருஷன், அடி, உதை. அதெல்லாம் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் அதைத் தாங்கியவர் அதற்காகக் கிளம்பவில்லை. கைத்தறிக் குடும்பம். கைத்தறிக்கென்று 1985-ல் சட்டம் போட்டு ஒதுக்கிய ரகங்களை எல்லாம் விசைத்தறி நெய்து தள்ள, பெட்ஷீட் தறியில் கூலி கட்டுபடியாகாமல் போனது. புருஷன் சொன்னார் என்று இவர் பேரில் மூன்று இடத்தில் குழு லோன். வாரத்தவணை. தர்மபுரியில் 1989-ல் தொடங்கிய சுய உதவிக்குழு வேறு. இது தனியார் மைக்ரோ பைனான்ஸ். ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் கட்ட வேண்டும். தவணை குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று 2022-ல் ரிசர்வ் வங்கி சொன்னது. அதற்குள் இவர் கதை முடிந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை குழுவில் இருந்த எட்டுப் பெண்கள் வந்து இவர் வாசலில் உட்கார்ந்துகொண்டார்கள். சண்டை போடவில்லை, திட்டவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் இவரோடு ஒன்றாகத் தண்ணீர் பிடித்தவர்கள். "அவன் அடிச்சப்ப எல்லாம் நான் எங்கயும் போகல கண்ணு. அவிக மொகத்தைப் பாக்க முடியாமத்தான் அன்னிக்கு ராத்திரி கெளம்பிட்டேன்."

அண்ணன் வீட்டுக்குப் போனார். அங்கே இருந்த ஒரு ஏக்கருக்கும் வீட்டுக்கும் தன் பங்கு வேண்டாம் என்று இவர் எப்போதோ விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் போட்டது, மத்திய அரசு 2005-ல் போட்டது. நாம் என்ன செய்தோம்? பதிவு அலுவலகத்துக்கு அண்ணன் தம்பிகளோடு ஒரே காரில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, வரும் வழியில் ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, ஒரு பட்டுப்புடவையோடு திரும்பினோம். நானும் போட்டிருக்கிறேன். 'சீர் செஞ்சாச்சு, அப்புறம் என்ன?' இதுதான் கணக்கு. பிறந்த வீடு, புகுந்த வீடு என்று இரண்டு வீடு சொல்கிறோம், சென்னிமலை அக்காவுக்கு இரண்டிலும் ஒரு செங்கல் இல்லை. நங்கையாள், அதாவது அண்ணன் மனைவி, பத்து நாள் சோறு போட்டார். பதினோராம் நாள், "உங்க ஊட்டுக்கு எப்பப் போறீங்க?" என்று கேட்டார். தப்பாகக் கேட்டதாக அக்கா இன்றைக்கும் நினைக்கவில்லை.

கடைசியில் யாரோ பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்கான அரசின் சகி மையம் வழியாக எங்களிடம் வந்து சேர்ந்தார். சகியில் ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. விண்ணப்பத்தில் 'கணவர் பெயர்' என்ற கட்டத்துக்கு வந்தபோது நான்தான் கேட்டேன், "வீட்டுக்காரர் என்னக்கா பண்றார்?" என்று.

"இருக்கறாருங்க. எங்கேன்னுதான் தெரியல."

கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். படிவம் முடிந்ததும் அவர் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். சோறோ, போர்வையோ இல்லை. இரும்பு அலமாரிக்கு ஒரு பூட்டு.

தையல் மெஷின்

நல்ல மனசுக்காரர்கள் நிறைய இருக்கும் ஊர் இது. யாராவது பிறந்தநாள், யாராவது நினைவுநாள் என்றால் விடுதிக்குத் தையல் மெஷின் வந்துவிடும். அரசிடமும் சத்தியவாணி முத்து அம்மையார் பேரில் ஒரு தையல் மெஷின் திட்டம் இருக்கிறது. நொடித்துப்போன பெண் என்றாலே நம் எல்லோருக்கும் ஏனோ தையல் மெஷின்தான் ஞாபகம் வருகிறது. திருப்பூரில் கால் மெஷினை வைத்துக்கொண்டு ஜாக்கெட் தைத்துப் பிழைக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. கம்பெனியில் ஓவர்லாக், பிளாட்லாக் என்று ஓடுவது வேறு மெஷின், வேறு கைவாகு. அதுவும் தெரிய வேண்டியதில்லை. செக்கிங், கைமடி, பிசிறு வெட்டுதல் என்று பாதி வேலைக்குக் கண்ணும் கையும் போதும். எந்தச் சந்தில் திரும்பினாலும் 'ஆட்கள் தேவை' என்று எழுதியிருக்கிறது. சென்னிமலை அக்கா விடுதிக்கு வந்த எட்டாம் நாள் பிசிறு வெட்டப் போய்விட்டார். சீசன் நேரம். காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்கு வருவார், ஒன்றரை ஷிப்ட். சனிக்கிழமை சம்பளம். முதல் வாரச் சம்பளத்தில் என்ன வாங்கினார் தெரியுமா? சோறாக்க ஒரு சின்ன போசி, பாத்திரம். மூடியோடு. விடுதியில் தனியாகச் சமைக்க அனுமதி இல்லை, அது அவருக்கும் தெரியும். பூட்டிய அலமாரிக்குள் அதை வைத்துக்கொண்டார்.

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. வேலை கிடைத்தாயிற்று, சேமிப்புக் கணக்கு தொடங்கியாயிற்று, ரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறார், எடை நாலு கிலோ கூடியிருக்கிறது. மறுவாழ்வு அறிக்கையில் எழுத எல்லாம் இருந்தது. எழுதியவள் நானே.

நம்மாளுங்களா?

ஐந்து மாதத்தில் அட்வான்ஸுக்கு இருபதாயிரம் சேர்த்துவிட்டார். வீடு தேடத் தொடங்கினோம். கம்பெனியிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு அறை, ஒரு சமையல் கட்டு, மூவாயிரத்தைந்நூறுக்குள்.

எங்கள் ஊரில் மூஞ்சியில் அடித்தாற்போல் யாரும் பேச மாட்டார்கள். 'இல்லை' என்பதைக்கூட 'இல்லீங்க' என்றுதான் சொல்வோம். அந்த 'ங்க' எவ்வளவு கெட்டியான கதவு என்று அந்த மாதம்தான் தெரிந்துகொண்டேன். எல்லா வாசலிலும் ஒரே வரிசை. "எத்தனை பேருங்க?" ஒருத்தர். "எந்த ஊருங்க?" சென்னிமலை. "நம்மாளுங்களா?" இதற்கு அக்கா ஒரு பதில் வைத்திருந்தார், அது சில வாசலில் செல்லும், சில வாசலில் செல்லாது. செல்லாத வாசல்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அப்புறம் நாலாவது கேள்வி. "வீட்டுக்காரர் என்ன பண்றாருங்க?"

இறந்துவிட்டார் என்று சொல்லிவிடலாம் என்று நான் சொல்லிக் கொடுத்தேன். அக்கா மாட்டேன் என்றுவிட்டார். "இருக்கறவரை எப்படிச் சாகடிக்கறது?" என்றார். உண்மையைச் சொன்னால், "அப்படீங்களா... எங்க தம்பி ஒருத்தன் கேட்டிருந்தானுங்க, அவனைக் கேட்டுட்டுச் சொல்றனுங்க." முடிந்தது. ஒரு வீட்டில் மோர் கொடுத்துவிட்டு இல்லை என்றார்கள். இன்னொரு வீட்டில் என்னிடம் மட்டும் தனியாக, "தனியா இருக்கற பொம்பளைன்னா நாலு பேரு வந்து போவாங்க பாருங்க" என்றார் ஒரு அம்மா. அதே வளவில் பக்கத்து அறையில் வெளி மாநிலத்துப் பையன்கள் ஆறு பேர் இருந்தார்கள். தலைக்கு இவ்வளவு என்று வாடகை. அவர்களிடம் யாரும் வீட்டுக்காரியைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

தமிழில் புருஷனும் வீட்டுக்காரர், வீட்டுச் சொந்தக்காரரும் வீட்டுக்காரர். முதல் வீட்டுக்காரர் இல்லாதவருக்கு இரண்டாம் வீட்டுக்காரர் வீடு தருவதில்லை. இதை நான் பதினோராவது வீட்டிலிருந்து திரும்பும்போது ஒரு நகைச்சுவையாகச் சொன்னேன். அக்கா சிரிக்கவில்லை. வேறு ஒன்றைக் கேட்டார்.

"உங்கம்மாவுக்கு அனுப்பர்பாளையத்துல லைன் வூடு இருக்குதுன்னு சொன்னீங்களே கண்ணு, அங்கெல்லாம் காலி இருக்காதுங்களா?"

நாலாம் நம்பர்

இருந்தது. ரெண்டு மாதமாகக் காலியாக இருந்தது. எனக்குத் தெரியும். வாரம் தவறாமல் அம்மா போனில் புலம்புவார். ஆனால் அந்த ஒரு மாதத்தில், பதினோரு வீடு ஏறி இறங்கியபோது, ஒரு தடவைகூட எனக்கு அது ஞாபகம் வரவில்லை. இதை எப்படி நம்பும்படி சொல்வது என்று தெரியவில்லை. மறைத்தேன் என்று சொன்னால்கூடப் பரவாயில்லை, மறைப்பதற்கு முதலில் நினைத்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. விடுதி ஒரு பக்கம், எங்கள் வீடு ஒரு பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஒரு உலகம், மற்ற ஆறு நாளும் வேறு உலகம். இரண்டுக்கும் நடுவில் நானே ஒரு சுவர் எழுப்பி வைத்திருக்கிறேன் என்பது அவர் கேட்கும் வரை தெரியாது.

அன்று ராத்திரி அம்மாவிடம் கேட்டேன். அம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு முழுக்கக் கேட்டுக்கொண்டார். அப்புறம், "நல்ல புள்ளையாத்தான் இருக்கும். நான் இல்லீன்னு சொல்லல. நாலு குடும்பம் இருக்கற வளவு. நாளைக்கு அந்தப் புருசங்காரன் வந்து கூச்சல் போட்டா யாரு பாக்கறது? உனக்கெதுக்கு சாமி இந்த வம்பு?" என்றார். சரிம்மா என்று போனை வைத்தேன்.

வைத்த கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியைப் பற்றித்தான் இவ்வளவு நாளாக யாரிடமும் பேசாமல் இருந்தேன். அம்மா மறுத்துவிட்டார், இனி நான் ஒன்றும் செய்வதற்கில்லை, நாளைக்கு அக்காவிடம் வருத்தமான முகத்தோடு சொல்லிவிடலாம். பதினோரு வீட்டுக்காரர்கள் மீதும் நான் கோபப்பட்டேனே, அவர்களுக்கும் கதவைச் சாத்தியதும் இதே நிம்மதிதான் வந்திருக்கும். "தம்பியைக் கேட்டுச் சொல்றனுங்க" என்பதும், "எங்கம்மா ஒத்துக்கல அக்கா" என்பதும் ஒரே வாக்கியம்தான். அம்மா சொன்ன பயத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். புருஷன் வந்து நிற்பது நடக்கக்கூடிய விஷயம். கணவன் வீட்டில் வசிக்கும் உரிமையை 2005 குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்குக் கொடுக்கிறது. அங்கே திரும்பிப் போகத் தெம்பில்லாதவள் வேறு ஒரு கதவுக்குப் பின்னால் இருக்க விரும்பினால், அந்தக் கதவு யாருடையது என்ற கேள்வி மிச்சமாகத்தான் இருக்கிறது.

தூக்கம் வரவில்லை. அம்மாவுக்கு முப்பத்தொன்பது வயதில் அப்பா இறந்தார். அன்றைக்கு எங்களை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. காரணம் எங்கள் ஒறம்பரை நல்லவர்கள் என்பது இல்லை. அந்த இடம் அம்மா பேரில் இருந்தது. பித்தளைப் பாத்திரப் பட்டறையில் வேலை பார்த்த என் அப்பச்சி, மகளுக்குச் சீராக நகை போடாமல் பிடிவாதமாக ஐந்து சென்ட் வாங்கிக் கொடுத்தார். ஊரே அவரைக் கஞ்சன் என்று சிரித்ததாம். அந்த ஐந்து சென்ட்தான் இப்போது ஆறு நம்பர் லைன் வீடு. அன்றைக்குப் பவுனாகக் கொடுத்திருந்தால், அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவில் கரைந்து போயிருக்கும். நானும் அம்மாவும் எங்கே உட்கார்ந்து பஸ்ஸுக்குக் காத்திருந்திருப்போம் என்று அன்று ராத்திரி யோசித்தேன்.

காலையில் நேரில் போனேன். அப்பச்சியை எல்லாம் இழுக்கவில்லை, இழுத்தால் அம்மா அழுதுவிடுவார், அழுதுகொண்டே மறுத்தும் விடுவார். வாடகையைப் பற்றி மட்டும் பேசினேன். ரெண்டு மாதமாக ஏழாயிரம் போய்விட்டது என்றேன். அம்மா யோசித்தார். கடைசியில், "உன் பேர்ல எடுத்துக்கோ. எனக்கு உன்னைத் தெரியும். உள்ளார யாரு இருந்தா எனக்கென்ன?" என்றார். வீட்டுக்காரம்மா என் அம்மா, வாடகைக்கு எடுத்தது நான், குடியிருப்பது சென்னிமலை அக்கா. 2024 ஆனி மாதம் பால் காய்ச்சினோம். அலமாரியிலிருந்த போசி வெளியே வந்தது. முதல் நாள் அரிசிம்பருப்பு ஆக்கினார். நெய் இல்லை, தேங்காயெண்ணெய் ஊற்றித்தான் சாப்பிட்டோம்.

அடுப்பு

இத்தோடு நல்லபடியாக முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். வீடு கிடைத்த பிறகுதான் காகிதங்கள் ஆரம்பித்தன. மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பரிலிருந்து மாதம் ஆயிரம் வருகிறது, அதற்கு ரேஷன் கார்டு வேண்டும். இவர் பெயர் புருஷனின் கார்டில் இருக்கிறது. கணவனால் கைவிடப்பட்டோர் உதவித்தொகை மாதம் 1,200. அதற்குச் சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து வருஷமாவது கைவிடப்பட்டிருக்க வேண்டும். அக்காவைப் பொறுத்தவரை கைவிட்டது யார் என்பதே சிக்கல், கிளம்பி வந்தவர் இவர். அதோடு, அந்த மனுஷன் நடுவில் ஒரு தைப்பூசத் தேரன்றைக்கு இவரை எங்கேயோ கண்டுபிடித்து, முந்தானையில் முடிந்திருந்ததை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். ஐந்து வருஷக் கணக்கை அன்றிலிருந்து எண்ணுவதா, அதற்கு முன்னாலிருந்தா? நான் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன், எதிரில் இருந்தவர் நிஜமாகவே யோசித்தார்.

தனி ரேஷன் கார்டு கேட்டால் தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். விசாரணைக்கு வந்த ஊழியர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையல் கட்டுக்குப் போனார். அடுப்பைப் பார்த்தார், போசியைப் பார்த்தார், அரிசி டப்பாவைத் திறந்து பார்த்தார். அக்கா விறைப்பாக நின்றுகொண்டிருந்தார், பரீட்சைக்கு நிற்கும் பிள்ளை மாதிரி. அந்த ஊழியர் நல்ல மாதிரி. "தனியாத்தான் ஆக்கறீங்க, தெரியுது. வாடகை ஒப்பந்தம் குடுங்கம்மா" என்றார். ஒப்பந்தம் என் பேரில் இருந்தது.

மறுபடியும் அம்மாவிடம் போக வேண்டியதாயிற்று. ஆனால் அது 2025 கடைசி. நடுவில் ஒன்று நடந்திருந்தது. ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர்கள் நின்றன. ஒன்றரை ஷிப்ட் போய் ஒரு ஷிப்ட் ஆனது, அப்புறம் வாரத்தில் நாலு நாள் ஆனது. லைன் வீட்டில் எல்லோரும் வாடகைக்குத் தவணை கேட்டார்கள். குடும்பஸ்தர்கள், வீட்டுக்காரர் உள்ளவர்கள். அக்கா மட்டும் கேட்கவில்லை. மீதி நாளில் ஒரு மெஸ்ஸில் பாத்திரம் கழுவப் போனார். மாதம் பிறந்து முதல் சனிக்கிழமை பொழுதோட, சொல்லி வைத்தாற்போல், பணத்தை ரெண்டாக மடித்து அம்மாவிடம் கொடுத்துவிடுவார். என் அம்மாவை யாரும் கதை சொல்லி மாற்ற முடியாது. ஆனால் தேதி தவறாமல் வாடகை கொடுப்பவர் மேல் அவருக்கு ஒரு மரியாதை உண்டு, அது சாதி, சனம், வீட்டுக்காரர் எல்லாவற்றையும் தாண்டியது. "எங்க போடோணும் கையெழுத்து?" என்றார். போட்டுவிட்டு, "உன் பேர்ல இருந்தது தப்புத்தான், அந்தப் புள்ளைதானே குடியிருக்குது" என்று எனக்கே சொன்னார், ஏதோ நான்தான் அப்படி எழுதச் சொன்ன மாதிரி.

அதன் பிறகுதான் சாவிக்கொத்து நாலாம் நம்பருக்குப் போனது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மறு ஞாயிறு அக்காவிடமே கேட்டுவிட்டேன். அவர் திண்ணையில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். "ஏனக்கா, உங்களை எல்லாரும் கேட்டதையே அந்தப் பொண்ணுகிட்ட நீங்களும் கேட்டீங்களே, சங்கடமா இல்லையா?" என்றேன். கேட்கும்போதே குரலில் கொஞ்சம் வாத்தியார்த்தனம் வந்துவிட்டது, எனக்கே தெரிந்தது.

அக்காவுக்கு நான் கேட்டது புரியவே இல்லை. "எதைக் கேட்டேன்?" என்றார். சொன்னேன்.

"அதைக் கேக்காம எப்படிக் கண்ணு வூடு காட்டறது? வேலைக்குப் போறாருன்னா ஒண்ணுமில்ல. செத்துப் போயிட்டாருன்னா ஒரு தாப்பாள் போதும். எங்க இருக்கறாருன்னு தெரியலைன்னா ரெண்டு வேணும்."

கையிலிருந்த தோலை முறத்தின் ஓரமாகத் தள்ளினார்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?" என்றேன்.

"ரெண்டு வேணும்."

அதற்குள் அம்மா உள்ளேயிருந்து வந்தார். அக்கா அவரிடம், ரெண்டாம் நம்பர் கதவில் கீழ்த் தாப்பாள் ஆடுகிறது, அவர்கள் வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச வருகிறார்கள், அதற்கு முன்னால் ஆசாரியை வரச் சொல்லோணுமுங்க என்றார். அம்மா தலையாட்டிவிட்டு, "அட்வான்ஸ் எவ்வளவு சொன்னே?" என்று கேட்டார்.